எபிரேயக் கொம்பும் என் யூ.பி.எஸ். பெட்டியும்

பெண் கேட்கப் போகிறவர்கள் வழக்கமாகப் பூ, பழம், வெற்றிலை பாக்கு என்று ஒரு தட்டோடு போவார்கள். நான் பென் டிரைவோடு போனேன். கூடவே புரொஜெக்டர், ஸ்பீக்கர், ஒரு சுருள் ஒயர், பேட்டரி வைத்த யூ.பி.எஸ். பெட்டி என்று ஆட்டோ நிறையச் சாமான். போன காரியத்தைத் தவிர மற்ற எல்லாம் அங்கே நடந்தது. என் மனைவி வீட்டார் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதையில் நான் இன்னும் கொஞ்சம் மடையனாகிக்கொண்டே போகிறேன். நிலைமை கைமீறிப் போவதற்குள் நானே ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடலுக்கடியில் கேபிள் வந்து எங்கள் தீவுகளுக்கு ஒழுங்கான இன்டர்நெட் கிடைப்பதற்கு முந்தைய கதை இது. இன்று எங்கள் டாலிகஞ்ச் பேட்டையில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகளிடம் அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அன்று போர்ட் பிளேயரில் ஒரு வீடியோவை டவுன்லோடு போட்டுவிட்டு, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து வந்து பார்த்தால் கோடு போன இடத்திலேயே நிற்கும். மழை வந்தால் அறுந்துவிடும். மழை வராவிட்டாலும் அறுந்துவிடும். அதனால் தீவில் எல்லோர் கையிலும் பாதிப் படங்கள்தான் இருந்தன. கொலை நடந்திருக்கும், கொன்றவன் யார் என்று தெரியாது. காதலர்கள் பிரிந்திருப்பார்கள், சேர்ந்தார்களா என்று தெரியாது. முழுசாக வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து யாராவது வரும்போது பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். பாதியைப் பார்த்துவிட்டு மீதியை நாமே கற்பனை செய்துகொள்வதும் ஒரு சுகமாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு பாதி வீடியோவை வைத்துக்கொண்டு மீதி வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தவர்தான் ஞானமுத்து. இப்போது என் மாமனார். அப்போது கெசியாவின் அப்பா.

கெசியா பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஒரு எலக்ட்ரிகல் காண்டிராக்டரிடம் சூப்பர்வைசர். அவர்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்கு ஒயரிங் போடப் போன இடத்தில் பழக்கம். வேலை முடிந்த பிறகும் அந்த அறையில் ஏதாவது ஒரு ஸ்விட்ச் பழுதாகிக்கொண்டே இருந்தது. (பழுதாக்கியது நான்தான் என்பது ஹெட்மாஸ்டரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.) நாங்கள் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த இந்துக் குடும்பம், அவர்கள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள். என் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "டீச்சரா? அப்ப உன்னையும் திருத்திருவா. கட்டிக்க," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கெசியாவின் அப்பா அப்படி முடிக்கவில்லை. "யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டு யோசிக்க ஆரம்பித்தவர், நிறுத்தவே இல்லை.

ஞானமுத்து மாமா இளவயதிலேயே தீவுக்கு வந்து, ஒரு தனியார் சரக்கு ஏஜென்ஸியில் சேர்ந்து, மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல்களில் சரக்கு இறக்குவதை மேற்பார்வை பார்த்தே ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோழி வளர்ப்பார்கள், இல்லாவிட்டால் தெருவில் எல்லோரையும் திருத்துவார்கள். இவர் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் பிடித்துக்கொண்டார். கிரேக்கனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவனே எபிரேயன்தான் என்பது அவருடைய கட்சி. முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது நான் செருப்பைக்கூட முழுசாகக் கழற்றவில்லை.

"ஏன் தம்பி, கொம்புக்கு எபிரேயத்துல என்ன தெரியுமா?"

"தெரியாது சார்."

"கெரென். கிரேக்கத்துல?"

"தெரியாது சார்."

"கேராஸ். கெரென், கேராஸ். ரெண்டும் ஒண்ணு போல இல்ல?"

"அச்சு அசல் சார்."

(அந்த நிமிடத்தில் கொம்பும் கொய்யாப்பழமும் ஒன்று என்று அவர் சொல்லியிருந்தாலும் அச்சு அசல் என்றுதான் சொல்லியிருப்பேன்.)

தீவட்டிக்கு எபிரேயத்தில் லப்பீத், கிரேக்கத்தில் லம்பாஸ். பூமிக்கு எரெட்ஸ், எரா. வாளுக்கு மெகேரா, மகைரா. மாமா இவற்றையெல்லாம் வேதபாடக் கூட்டத்தில் சொல்வார், மீன் மார்க்கெட்டில் சொல்வார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொல்வார். வீட்டு நாய்க்கு லப்பீத் என்று பெயர். நல்ல கரிக்கறுப்பு நாய். (பிலெகெஷ், பல்லாக்கிஸ் என்று இன்னொரு ஜோடியும் உண்டு. அர்த்தம் மறுமனையாட்டி. பெண்கள் இருந்தால் அதைச் சொல்ல மாட்டார். ஆண்கள் மட்டும் இருந்தால் முதலில் அதைத்தான் சொல்வார்.)

இவ்வளவும் ஒரே ஒரு வீடியோவிலிருந்து வந்தவை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பேராசிரியரின் சொற்பொழிவு. யாரோ ஒரு சபைப் பையன் எப்போதோ டவுன்லோடு போட்டுக் கொடுத்தது. பேராசிரியர் ஜோடி ஜோடியாகச் சொற்களை அடுக்கிக்கொண்டே போவார். கூட்டம் வாய்பிளந்து கேட்கும். பிறகு மேசையிலிருந்த தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடிப்பார். அத்தோடு வீடியோ நின்றுவிடும், ஏனென்றால் அதுவரைதான் டவுன்லோடு ஆகியிருந்தது. மாமா அதைப் பார்த்துப் பார்த்து, தானும் பேசி முடித்ததும் நிதானமாக ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பார். சபையில் அதை அவருடைய ஸ்டைல் என்றே நினைத்திருந்தார்கள்.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஏக்கம் இருந்தது. கெசியாதான் அதை எனக்குச் சொன்னாள்.

"தண்ணி குடிச்சதுக்கப்புறம் அந்த ஆளு என்ன சொல்லியிருப்பாருன்னு தெரியாம அப்பா தவிக்கிறாரு. முதல் பாதியே இப்படின்னா ரெண்டாவது பாதி எப்படி இருக்கும்னு தினம் ஒரு தடவை சொல்லிருவாரு."

"அவ்வளவுதானே? நான் வரவழைச்சுத் தர்றேன். டென்ஷன் மத் லே (கவலைப்படாதே)."

"அதைக் கொண்டுவந்து கொடுத்துட்டா யோசிக்கிறதை நிறுத்திருவாரு. எனக்கு நல்லாத் தெரியும்."

அதுதான் கணக்கு. இரண்டாம் பாதியைக் கொடுத்தால் கெசியா எனக்கு. கணக்கு டீச்சரே போட்ட கணக்கு என்பதால் நான் சரிபார்க்கவில்லை.

சென்னையில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்குப் போன் போட்டேன். "என்னடா, பலான படமா?" என்று ஆர்வமாகக் கேட்டவன், எபிரேய மொழிச் சொற்பொழிவு என்றதும் குரலை இறக்கிக்கொண்டான். பிறகு, "அங்க உனக்கு எல்லாம் நல்லா இருக்குல்ல?" என்று கவலையோடு விசாரித்தான். ஆனாலும் இறக்கி, விமானத்தில் வரும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பிவிட்டான். அது என் கைக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூட்டமோ அன்று சாயங்காலம்.

ஆமாம், கூட்டம். நான் பாட்டுக்குப் பென் டிரைவை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் நான் சூப்பர்வைசர் இல்லையா? அரேஞ்ச்மென்ட் செய்தே பழகிய கை. "சார், வேதபாடக் கூட்டத்தன்னிக்கே உங்க வீட்டுல பெரிய திரை கட்டி எல்லாரையும் வச்சுப் போட்டுருவோம்," என்று நான்தான் சொன்னேன். மாமாவின் கண்கள் கலங்கிவிட்டன. பாஸ்டரை அழைத்தார், உறவினர்களை அழைத்தார், ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பக்கத்து வீட்டு வங்காளி பிஸ்வாஸ் தாதாவையும் (தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன்) அழைத்தார். கெசியாவின் அம்மா, அதாவது அத்தை, அச்சுமுறுக்கு சுட ஆரம்பித்துவிட்டார்.

வீடியோவை நான் முழுசாகப் பார்க்கவில்லை. நேரமும் இல்லை, இஷ்டமும் இல்லை. ஆனால் பொறுப்பாகச் செக் செய்தேன். ஆரம்பத்தைப் பார்த்தேன். அதே பேராசிரியர், அதே கொம்பு. கடைசியைப் பார்த்தேன். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. ஆரம்பமும் முடிவும் சரியாக இருந்தால் நடுவில் உள்ளதும் சரியாகத்தானே இருக்கும்? ஒயரிங்கில் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். இந்தப் பக்கம் கரண்ட் கொடுத்து அந்தப் பக்கம் பல்பு எரிந்தால் வேலை முடிந்தது.

இன்னொரு முன்னேற்பாடும் செய்தேன். போர்ட் பிளேயரில் கரண்ட் நினைத்தபோது போகும். முக்கியமான கட்டத்தில் போய்விட்டால்? அதற்காக ஆபீஸ் யூ.பி.எஸ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், புரொஜெக்டர், ஸ்பீக்கர், கெசியாவின் லேப்டாப் மூன்றையும் அதில் சொருகினேன். "இடி விழுந்தாலும் உங்க படம் நிக்காது சார்," என்றேன். "சார் என்ன சார், மாமான்னு கூப்பிடுங்க," என்றார் அவர். கெசியா கதவோரத்தில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தீவில் சீக்கிரமே இருட்டிவிடும். வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டோம். மாமா இஸ்திரி போட்ட சட்டையில், முதல் வரிசையில், புதுசாகச் சீவிய பென்சிலோடு உட்கார்ந்தார். புதுச் சொற்கள் வந்தால் குறித்துக்கொள்ள வேண்டுமாம். படம் ஓடியது. பேராசிரியர் சொல்வதற்கு முன்பே மாமா ஒவ்வொரு ஜோடியையும் சொன்னார். கூட்டமும் கூடவே சொன்னது. கெரென், கேராஸ். லப்பீத், லம்பாஸ். (வெளியே கட்டியிருந்த நாய் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் குரைத்தது.) கடைசியில் பேராசிரியர் தம்ளரை எடுத்தார். மாமா திரும்பி எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருஷம் காத்திருந்த மனிதரின் முகம் அது. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். தம்ளரை வைத்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"நண்பர்களே, இதுவரை நான் சொன்னதில் ஒன்றைக்கூட நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஓசை ஒத்துப்போனால் உறவு என்று நம்பவைப்பது எவ்வளவு சுலபம் என்று காட்டத்தான் இவ்வளவு நேரம் கதை விட்டேன்."

வீடியோவில் இருந்த கூட்டம் சிரித்தது. டாலிகஞ்ச் கூட்டம் சிரிக்கவில்லை.

பேராசிரியர் விடவில்லை. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன். தமிழில் எட்டு, ஆங்கிலத்தில் எய்ட். அதற்காக ஆங்கிலேயன் நம் சித்தப்பா பையனா என்று கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக உடைக்க ஆரம்பித்தார். லம்பாஸ் என்பது ஒளிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிறந்தது, யாரிடமும் கடன் வாங்கவில்லை. மெகேராவுக்கு வாள் என்றுதான் பொருளா என்பதே நிச்சயமில்லை. கொம்பும் கொம்பும் உறவு என்பதற்கு உறுதியான சாட்சி கிடையாது. ஒரு சொல் விழும்போதெல்லாம் கூட்டத்திலிருந்த ஒரு தலை மெல்லத் திரும்பி மாமாவைப் பார்த்தது. பிறகு எல்லாத் தலைகளும் திரும்பி என்னைப் பார்த்தன. கெசியா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.

பிஸ்வாஸ் தாதாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அவர் மாமாவின் காதருகே குனிந்து, தாம் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

"ஞானமுத்து பாய், க்யா போல்தா ஹை?" (என்ன சொல்கிறார்?)

மாமா பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"சப் கலத் போல்தா ஹை." (எல்லாம் தப்பு என்கிறார்.)

"கிஸ்கா கலத்?" (யாருடைய தப்பு?)

மாமா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். கையில் பென்சில் அப்படியே இருந்தது.

"மேரா," என்றார். என்னுடையது.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பெண் கிடைப்பாளா என்பதெல்லாம் அப்போது மனதிலேயே இல்லை. அந்த மனிதரின் முகத்தை இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். எழுந்து வராந்தாவுக்கு ஓடி, மெயின் ஸ்விட்சைப் பட்டென்று கீழே இறக்கினேன்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. லப்பீத்கூடக் குரைப்பதை நிறுத்தியது. புரொஜெக்டர் மட்டும் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. இடி விழுந்தாலும் நிற்காது என்று நானே சொன்னேனே, நிற்கவில்லை. இருட்டில் படம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. மின்விசிறிச் சத்தம் இல்லாததால் பேராசிரியர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று கேட்டது.

"வாஹ்! க்யா இந்தஜாம் ஹை!" (ஆகா, என்ன ஏற்பாடு!) என்று பிஸ்வாஸ் தாதா கை தட்டினார்.

இருட்டுக்குள் நான் யூ.பி.எஸ்ஸைத் தேடிப் பாய்ந்தேன். வழியில் பாஸ்டரின் காலை மிதித்தேன். முறுக்குத் தட்டில் கை வைத்தேன். யாரோ ஒரு பெரியம்மா "யேசப்பா" என்று அலறினார். திரையில் பேராசிரியர் குரலை மாற்றி, "ஆனால்..." என்று ஆரம்பித்தார். அந்த நொடியில் மேசைக்கடியில் என் கைக்குச் சிக்கிய ஒயரையெல்லாம் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்தேன். லேப்டாப்பும் கீழே வந்தது. எல்லாம் நின்றது.

"கரண்ட் போச்சு போல," என்றார் பாஸ்டர், தாராள மனதோடு.

அப்போது காற்றில் ஜன்னல் திரை விலகியது. தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அத்தை டார்ச்சோடு வந்தார். டார்ச் வெளிச்சம் முதலில் வராந்தாவில் கீழே இறங்கியிருந்த மெயின் ஸ்விட்சின் மேல் விழுந்தது. பிறகு தரையோடு தரையாக நகர்ந்து வந்து, மேசைக்கடியில் குப்புறப் படுத்துக் கை நிறைய ஒயரும் தலை நிறைய முறுக்குத் தூளுமாக இருந்த என் மேல் வந்து நின்றது.

"தம்பி, மெயினப் போட்டுருங்க," என்றார் மாமா. எழுந்து உள்ளே போய்விட்டார்.

பாஸ்டர் அவசரமாக ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார். நான் சாமான்களை ஆட்டோவில் ஏற்றினேன். பென் டிரைவை எடுக்க மறந்துபோனேன். அத்தைதான் வாசல் வரை வந்து, "இதையாவது கொண்டு போங்க," என்று மிஞ்சிய முறுக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். 'இதையாவது' என்ற அந்த ஒரு வார்த்தையில் என் கல்யாணம் முடிந்துபோனது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அதன் பிறகு எட்டிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. தெற்கே இன்னொரு தீவிலிருக்கும் ஹட் பேயில் ஒரு குவார்ட்டர்ஸ் ஒயரிங் வேலை கிடந்தது. கப்பலில் போய்த் தங்க வேண்டும், யாருக்கும் இஷ்டமில்லாத வேலை. நான் கை தூக்கினேன். முதலாளி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அங்கே சிக்னல் கிடைக்கும் நேரத்தில் கெசியா பேசுவாள்.

"அப்பா பேசவே மாட்டேங்கிறாரு. வேதபாடத்துல முந்தாநாள் தண்ணி தம்ளரைத் தள்ளி வச்சுட்டாரு."

"என் மேல கோபமா?"

"தெரியல. நீ எப்ப வருவேன்னு மட்டும் கேட்டாரு."

அந்தக் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹட் பேயில் ஒயரிங் முடிந்த பிறகும் மூலை முடுக்கெல்லாம் இரண்டாவது தடவை சரிபார்த்தேன். கடைசியில் கப்பல் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது.

போர்ட் பிளேயர் ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், இறங்கினால், எதிரே ஞானமுத்து மாமா நிற்கிறார். இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் கடல். நீச்சல் தெரியுமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

"தம்பி, இங்க வாங்க," என்றார். பக்கத்தில் ஒரு லாரியில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றைத் தட்டிக் காட்டினார். "இது என்னது?"

"சாக்கு மாமா."

"கிரேக்கத்துல?"

"மாமா, நான் வேணும்னு..."

"சாக்கோஸ். எபிரேயத்துல சக். தம்பி, அந்த ஆளு ஆனால்னு ஆரம்பிச்சப்ப நீங்க ஒயரப் பிடுங்கிட்டீங்கல்லா? நீங்க விட்டுட்டுப் போன பென் டிரைவப் போட்டு மிச்சத்தப் பாத்தேன். ஆனாலுக்கு அப்புறம் என்ன சொல்லுதாரு தெரியுமா? நெசமாவே அந்தப் பக்கத்துலேருந்து கிரேக்கத்துக்குப் போன வார்த்தையும் இருக்குங்காரு. கொஞ்சம்தான். ஆனா எவனாலயும் அசைக்க முடியாதுங்காரு. சாக்கு. சீரகம். எபிரேயத்துல கம்மோன், கிரேக்கத்துல குமினோன். எல்லாம் யாரு கொண்டுபோனது? அங்க பினீசியர்னு ஒரு யாவாரிக் கூட்டம் இருந்துருக்கு. கப்பல்ல சரக்கு ஏத்திக்கிட்டுப் போயிருக்கான். சரக்கோட பேரும் இறங்கியிருக்கு."

மாமா மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சர்வீஸ் பூரா இந்த ஜெட்டியில சாக்கு இறக்குனவன் நான். மெயின்லேண்ட்லேருந்து எது வந்தாலும் பேரோடதான் வரும்னு எனக்குத் தெரியாதா? அத விட்டுப்போட்டு கொம்பு, வாளுன்னு பெருசாத் தேடிட்டேன். அந்த மனுசன் சொன்னதக் கேட்டு ராத்திரி தூங்கல தம்பி. சந்தோசத்துல."

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"இன்னொண்ணும் சொன்னாரு. பைபிள்ல வர்ற யோபுக்கு ரெண்டாவது மக பேரு என்ன?"

"தெரியாது மாமா."

"கெத்சீயா. அதத்தான் கெசியான்னு வச்சேன். பட்டை இருக்குல்லா, கறிக்குப் போடுத பட்டை, அந்த ஜாதி வாசனைச் சரக்கு. கிரேக்கத்துல காசியா. அதுவும் கப்பல்ல போனதுதான். அந்த ஆளால அசைக்க முடியாத வார்த்தையில அதுவும் ஒண்ணு." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொம்பு போச்சு, தீவட்டி போச்சு, வாளு போச்சு. எம் பொண்ணு நிக்கா."

லாரி கிளம்பியது. நாங்கள் இருவரும் ஒதுங்கி நின்றோம். அப்போதுதான் அவர் நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"மெயின ஏன் அணைச்சீங்க?"

பொய் சொல்ல எவ்வளவோ முயன்றேன், ஒன்றும் வாயில் வரவில்லை. "நீங்க 'மேரா'ன்னு சொன்னீங்கல்ல மாமா. உங்க முகத்த எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. என்னால முடியல."

மாமா தலையை ஆட்டினார். "அதான் நெனச்சேன். அன்னைக்கி சிரிப்ப அடக்குனவங்க நெறையப் பேரு. மறுநாள் வந்து துக்கம் விசாரிச்சவங்களும் உண்டு. லைட்ட அணைச்சது நீங்க ஒருத்தருதான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அம்மாவக் கூட்டிட்டு ஞாயித்துக்கெழம வாங்க," என்றார். "புரொஜெக்டர் வேண்டாம்."

இன்று மாமா, ஒழுங்கான இன்டர்நெட் வந்த பிறகு, நேரலை வகுப்பில் சேர்ந்து முறையாக எபிரேயம் படிக்கிறார். வகுப்பிலேயே வயதானவர் அவர்தான், அதிகம் கேள்வி கேட்கிறவரும் அவர்தான். ஆசிரியருக்குப் பாவம், சமயத்தில் அழுகை வந்துவிடும் போலிருக்கிறது. வீட்டில் யார் எதை அடித்துச் சொன்னாலும், கப்பல் தேதியோ, மாப்பிள்ளை வரனோ, டாக்டர் சொன்ன வைத்தியமோ, மாமா ஒரே கேள்விதான் கேட்பார்: "இது தண்ணி குடிக்கிறதுக்கு முந்தியா, பிந்தியா?" (புதிதாக வருகிறவர்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டு முகம் சுளிப்பார்கள். அத்தைதான் உட்காரவைத்து விளக்குவார்.)

ஆனால் குடும்பத்தில் நிலைத்துப்போன கேள்வி அது இல்லை. நிலைத்தது வேறு, எங்கள் கல்யாண ரிசப்ஷனில் பிறந்தது. பகலில் ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் ஒரு மண்டபத்தில் விருந்து. நானும் கெசியாவும் மாலையோடு மேடையில் நிற்கிறோம். பாஸ்டர் மைக்கைப் பிடித்து வாழ்த்துரையை ஆரம்பிக்கிறார். பட்டென்று கரண்ட் போய்விட்டது. உண்மையிலேயே போனது, ஊர் முழுக்கப் போனது. ஆனால் அந்தக் கும்மிருட்டில் மண்டபம் மொத்தமும் நாற்காலிகள் கிரீச்சிட என் பக்கம் திரும்புவது எனக்குக் கேட்டது.

"நான் இல்ல!" என்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினேன்.

சிரிப்பு அடங்க வெகு நேரமானது. அது அடங்கியதும் இருட்டில் எங்கிருந்தோ மாமாவின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, எங்க இருக்கீங்க?"

"மேடையிலதான் மாமா. உங்க பொண்ணு பக்கத்துல."

"அப்ப சரி. அங்கேயே இருங்க."

இன்றும் எங்கள் வீட்டில் கரண்ட் போகாத வாரம் கிடையாது. போன உடனே, மெழுகுவத்தி தேடுவதற்கும் முன்னால், மாமா இருக்கும் உள்ளறையிலிருந்து அந்தக் கேள்வி வரும். மாமா ஊருக்குப் போயிருந்தால் என் மகள் அவர் குரலிலேயே கேட்பாள். கெசியா சில சமயம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், சில சமயம் மார்க்கெட்டில் மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பாள். நான் எங்கே இருந்தாலும், அவள் எங்கே இருந்தாலும், என் பதில் மட்டும் மாறுவதில்லை.

"உங்க பொண்ணு பக்கத்துலதான் மாமா."